ட்ரோஹோபிச்: 'முன்னாள் சோவியத் நகரம்' என்னும் அடைமொழி பற்றி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தை நாள் தவறாமல் படித்து வருபவன் நான். 2022 பிப்ரவரியில் உக்ரைன் மீது ரஷ்யா முழு அளவில் படையெடுத்த நாள் முதல், அதுவரை நம்மில் பலர் கேள்விப்பட்டிராத ஊர்களின் பெயர்கள் அப்பக்கத்தில் இடம்பெற்று வருகின்றன. அண்மையில் அவ்வாறு ஒற்றை வரியில் வந்து போன ஒரு பெயர் 'துரோகோபிச்' என்று அச்சாகியிருந்தது. அதற்கு முன்னால் 'முன்னாள் சோவியத் நகரமான' என்ற அடைமொழியும் இருந்தது. பெயரின் எழுத்தும் சரியில்லை, அடைமொழியும் சரியில்லை என்பதை எடுத்துச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன். ஓர் ஊரின் பெயரைத் திருத்த இத்தனை நீளமான கடிதம் தேவையா என்று தாங்கள் நினைக்கக்கூடும். அந்த ஊரின் வரலாற்றைச் சொல்லாமல் இத்திருத்தத்தின் காரணத்தைச் சொல்ல முடியாது என்பதால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

இருபது ஆண்டுகளுக்கு முன்னால் லிவிவ் நகரில் மருத்துவம் படித்தவன் நான். அக்காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து உக்ரைனுக்குப் படிக்கச் சென்ற பலருள் நானும் ஒருவன். என் வகுப்புத் தோழர் ஒருவரின் சொந்த ஊர் ட்ரோஹோபிச். லிவிவுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில், கார்பாத்திய மலையடிவாரத்தில் அமைந்த ஊர் அது. ஸ்திரீய் வழியாக மெல்ல ஊர்ந்து செல்லும் புறநகர் மின்தொடரியில் விடுமுறை நாள்களில் பலமுறை அங்கே போயிருக்கிறேன். இன்று அவ்வூரின் மக்கள்தொகை 70,000-க்குச் சற்று மேல். நம் கணக்கில் ஒரு நடுத்தர நகராட்சி என்று சொல்லலாம்.

அந்த ஊர் எழுந்ததற்குக் காரணம் உப்பு. கடல் அங்கிருந்து பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. ஆனால் கார்பாத்திய அடிவாரத்து மண்ணுக்குக் கீழே தொன்மையான கடல் ஒன்று விட்டுச்சென்ற உப்புப் படுகைகள் உள்ளன. அவற்றைக் கரைத்துக்கொண்டு ஊறும் நிலத்தடி நீர் கடல்நீரைவிடப் பல மடங்கு கரிப்புடையது. அந்த நீரைக் கிணற்றிலிருந்து இறைத்துக் காய்ச்சி உப்பெடுக்கும் தொழில் 13-ஆம் நூற்றாண்டு முதல் அங்கே நடந்து வருவதாக ஊரார் பெருமையோடு சொல்கிறார்கள். உக்ரைனிலேயே மிகப் பழைய தொழிற்கூடம் என்று அந்த உப்பாலையைத்தான் காட்டுகிறார்கள். ஆலை இருக்கும் தெருவின் பெயரும் உப்புக்குளம் என்றே பொருள்படும்.

அந்த ஆலைக்குள் ஒருமுறை தோழரின் தாய்மாமா என்னை அழைத்துச் சென்றார். வெளியே பனிக்காலத்துக் குளிர் எலும்பைத் துளைத்துக்கொண்டிருக்க, உள்ளே நுழைந்ததும் என் மூக்குக்கண்ணாடி ஒரே கணத்தில் ஆவி படர்ந்து மறைந்தது. அகலமான, ஆழமில்லாத இரும்புக் கொப்பரையின் அடியில் விறகு எரிந்துகொண்டிருந்தது. கொப்பரையின் மேற்பரப்பில் பாலாடை போல உப்பு கட்டி, தன் எடை தாளாமல் உடைந்து அடியில் இறங்கியது. நீண்ட மரக்காம்புள்ள பலகையால் அதைக் கரைக்கு இழுத்து, நீர் வடியச் சாய்த்துக் குவித்தார்கள். சுவர்ப் பலகைகளிலும் கூரை மரங்களிலும் உப்புப் பூத்து வெளுத்திருந்தது. முற்காலத்தில் ஈர உப்பைக் கூம்பு வடிவ அச்சில் அடைத்து நெருப்பில் உலர்த்திக் கட்டிகளாக விற்பார்களாம். நகரின் முத்திரைச் சின்னத்தில் நீலப் பின்னணியில் இருக்கும் ஒன்பது வடிவங்கள் அந்த உப்புக் கட்டிகள்தாம்.

ஆவணங்களில் ட்ரோஹோபிச்சின் பெயர் முதன்முதலாக 1387-ஆம் ஆண்டு லிவிவ் நகரப் பதிவேட்டில் காணப்படுகிறது. அதற்கு முன்பே அங்கே ஊர் இருந்தது என்பதில் ஐயமில்லை. 'பிச்' என்ற பழைய ஊர் படையெடுப்பில் அழிந்துபோக, தப்பியவர்கள் அருகிலேயே 'மற்றொரு பிச்' என்ற பொருளில் புதிய ஊரைக் கட்டினார்கள் என்றும், அதுவே திரிந்து இன்றைய பெயராயிற்று என்றும் ஒரு கர்ண பரம்பரைக் கதை உண்டு. மொழியியலார் இதை ஏற்பதில்லை. எனினும் அவ்வூரின் முதியவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்வதில் தனி விருப்பம் இருக்கிறது. அப்போது அது போலந்து அரசரின் ஆட்சிக்குட்பட்ட பகுதி. உப்பு வருவாய் அரசரின் கருவூலத்துக்குப் போயிற்று. 15-ஆம் நூற்றாண்டில் மாக்டபர்க் நகர உரிமை என்னும் தன்னாட்சி உரிமையும் ஊருக்குக் கிடைத்தது.

அதே நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்கே பிறந்த யூரிய் கோத்தெர்மாக் என்பவரைப் பற்றி நான் அறிந்துகொண்டது மருத்துவக் கல்லூரியில்தான். கிராக்கோவ் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, இத்தாலியின் பொலோனியாவுக்குச் சென்று மருத்துவத்தில் முனைவரான இவர், 1481-82 கல்வியாண்டில் அங்குள்ள பல்கலைக்கழகத்தின் கலை, மருத்துவப் பிரிவுக்கு ரெக்டராகவும், அதாவது தலைவராகவும் இருந்தார். வானியலும் சோதிடமும் மருத்துவமும் ஒன்றாகப் பயிலப்பட்ட காலம் அது. 1483-ஆம் ஆண்டுக்கான கணிப்புகளைத் தொகுத்து அவர் லத்தீனில் எழுதிய நூல் அதே ஆண்டில் ரோமில் அச்சிடப்பட்டது. உக்ரைன் மண்ணில் பிறந்த ஒருவர் எழுதி அச்சேறிய முதல் நூலாக அதைக் கொள்கிறார்கள். பின்னர் கிராக்கோவுக்குத் திரும்பிப் பேராசிரியராகப் பணியாற்றிய அவர் 1494-இல் மறைந்தார். அங்கே கோபர்நிகஸ் மாணவராகச் சேர்ந்தது 1491-இல். தன் நூலில் ஊர்ப்பெயரையே தன் பெயராக அவர் சேர்த்துக்கொண்டதால், உலகம் அவரை யூரிய் ட்ரோஹோபிச் என்றே அறிகிறது. தமிழ்ப் புலவர்கள் பலர் ஊர்ப்பெயராலேயே அறியப்படுவதைப் போன்றது இது.

ஊரின் கண் என்று நான் சொல்லக்கூடியது புனித ஜார்ஜ் மரக்கோயில். மூன்று குமிழ்க் கோபுரங்கள் கொண்ட அந்தக் கிரேக்கக் கத்தோலிக்க (கிழக்கத்திய வழிபாட்டு முறையைப் பின்பற்றிப் போப்பாண்டவரை ஏற்கும் திருச்சபை) திருக்கோயில் முழுவதும் மரத்தால் ஆனது. வெளிச்சுவர் நெடுகிலும் மீன் செதில் போலச் சிறு மரச் சில்லுகள் வேயப்பட்டிருக்கும். மழையிலும் பனியிலும் அவை கறுத்து வெள்ளிநிறம் பெற்றிருப்பதை அருகில் நின்று பார்க்க வேண்டும். உள்ளே 17-ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள் தரைமுதல் கூரைவரை நிறைந்துள்ளன. அக்கோயில் முதலில் அங்கே கட்டப்பட்டதன்று. நதீயிவ் என்ற மலைக் கிராமத்திலிருந்து பிரித்தெடுத்து வந்து 17-ஆம் நூற்றாண்டில் மீண்டும் பொருத்தியதாகவும், அதற்கு விலையாக ஊரார் உப்பைக் கொடுத்ததாகவும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. உப்பைக் கொடுத்து நெல்லை வாங்கிய உமணரை அறிந்த நமக்கு, உப்பைக் கொடுத்துக் கோயிலை வாங்கிய ஊரைப் புரிந்துகொள்வது கடினமில்லை. 2013-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ, போலந்திலும் உக்ரைனிலும் உள்ள 16 கார்பாத்திய மரக்கோயில்களை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தபோது, இதையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்த்தது.

1772-இல் போலந்து அண்டைப் பேரரசுகளால் முதன்முறையாகப் பங்கு போடப்பட்டபோது ட்ரோஹோபிச் ஆஸ்திரியப் பேரரசின் கலீசியா மாகாணத்துக்குள் வந்தது. 1918 வரை, அதாவது சோவியத் ஆட்சியைப் போல மூன்று மடங்கு காலம், அங்கே ஆஸ்திரிய ஆட்சி நடந்தது. ஊரின் தெருக்களும் பள்ளிகளும் பெரிய கட்டடங்களும் பெரும்பாலும் அக்காலத்தவை. அதே காலத்தில்தான் உப்போடு எண்ணெயும் சேர்ந்தது. பத்துக் கிலோமீட்டர் அளவில் இருக்கும் போரிஸ்லாவில் தரையிலேயே கசிந்து தேங்கிய எண்ணெயை உழவர்கள் வண்டி அச்சுக்குப் பூசிவந்தார்கள். அப்பகுதியிலிருந்து லிவிவுக்குக் கொண்டுவரப்பட்ட எண்ணெயை அங்கிருந்த மருந்தாளர்களான இக்னாத்ஸி உகாசியெவிச்சும் யான் ஸேவும் வடித்துத் தூய்மையாக்கினார்கள். 1853 ஜூலை 31 அன்று லிவிவ் பொது மருத்துவமனையில் மண்ணெண்ணெய் விளக்கின் ஒளியில் அறுவை மருத்துவம் நடந்தது. அந்த நிகழ்வை எங்களுக்குச் சொன்ன பேராசிரியர், விளக்கைக் குறிப்பிட்டுவிட்டு எண்ணெய் எங்கிருந்து வந்தது என்பதையும் மறக்காமல் குறிப்பிட்டார். அவரும் அந்த வட்டாரத்தைச் சேர்ந்தவரே.

அதன்பின் போரிஸ்லாவ் மண்ணில் ஆயிரக்கணக்கான கிணறுகள் தோண்டப்பட்டன. எண்ணெயும், மெழுகுத்திரிக்கு உதவும் மண்மெழுகும் எடுக்கக் கயிற்றில் தொங்கி இறங்கியவர்கள் நச்சுக்காற்றாலும் மண்சரிவாலும் மாண்டார்கள். நிலத்தை அற்ப விலைக்கு இழந்த உழவர்களே கூலியாள்களாக அதே நிலத்துக்குள் இறங்கினார்கள். 1909-ஆம் ஆண்டில் கலீசியாவின் எண்ணெய் உற்பத்தி ஏறத்தாழ 20 இலட்சம் டன் என்ற உச்சத்தைத் தொட்டது. அந்தச் செல்வம் ட்ரோஹோபிச்சில் மாளிகைகளாகவும் சுத்திகரிப்பு ஆலைகளாகவும் எழுந்தது. இரண்டையும் ஒருசேரப் பார்த்து வளர்ந்தவர் இவான் பிரான்கோ. 1856-இல் அருகிலுள்ள நஹுயெவிச்சி கிராமத்தில் கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்து, ட்ரோஹோபிச் உயர்நிலைப் பள்ளியில் படித்த அவர், உக்ரைனிய மொழியின் மாபெரும் எழுத்தாளர்களுள் ஒருவரானார். தங்க இடமின்றி உறவினர் ஒருவரின் தச்சுக்கூடத்தில் ஒண்டிக்கொண்டிருந்த மாணவப் பருவத்தில், அங்கே செய்து வைத்திருந்த சவப்பெட்டிகளுக்குள் படுத்துறங்கிய இரவுகளும் அவருக்கு உண்டு. எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளரின் பாடுகளை அவர் கதைகளில் எழுதியதற்கு அந்த வட்டாரமே காரணம். ஊரின் ஆசிரியர் பயிற்சிப் பல்கலைக்கழகம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பிரான்கோ பிறந்த அதே 1856-இல் ட்ரோஹோபிச்சில் மௌரித்ஸி காட்லீப் என்ற யூத ஓவியரும் பிறந்தார். இருபத்து மூன்று வயதில் இறந்துபோன அவர் விட்டுச்சென்ற ஓவியங்கள் யூதக் கலை வரலாற்றில் முதல் வரிசையில் வைக்கப்படுகின்றன. போலிஷ் கவிஞர் காஸிமியெஷ் வியெஷின்ஸ்கி 1894-இல் பிறந்ததும் இவ்வூரில்தான். உக்ரைனியரும் போலந்தினரும் யூதரும் ஒரே சந்தைச் சதுக்கத்தைச் சுற்றி வாழ்ந்த ஊர் அது. இரண்டாம் உலகப் போருக்கு முன்பு, ஏறத்தாழ 35,000 பேர் வாழ்ந்த நகரில் யூதர்கள் ஐந்தில் இரு பங்கினர், போலந்தினர் மூன்றில் ஒரு பங்கினர், உக்ரைனியர் கால் பங்கினர். அவர்களிடையே எப்போதும் இணக்கம் நிலவியது என்று நான் சொல்ல மாட்டேன். 1911 ஜூன் மாதத்தில் நாடாளுமன்றத் தேர்தல் முறைகேட்டை எதிர்த்துத் திரண்ட கூட்டத்தின் மீது படையினர் சுட்டதில் இருபதுக்கும் மேற்பட்டோர் அந்த ஊர்த் தெருவில் இறந்தார்கள். 1918-19 குளிர்காலத்தில் சில மாதங்கள், ஆஸ்திரியப் பேரரசு உடைந்தபோது உக்ரைனியர் அமைத்த மேற்கு உக்ரைன் மக்கள் குடியரசின் கொடி அங்கே பறந்தது. அந்தக் குடியரசு போலந்தோடு நடத்திய போருக்குப் பின் ஊர் மீண்டும் போலந்துக்குப் போயிற்று.

1939 செப்டம்பரில் சோவியத் படைகள் வந்தன. 1941 ஜூனில் ஜெர்மானியர் நெருங்கியபோது, சோவியத் ரகசியக் காவல் துறை சிறைக்கைதிகளைக் கொன்றுவிட்டுப் பின்வாங்கியது. அடுத்து வந்த நாஜிகள் ட்ரோஹோபிச்சின் யூதர்களைப் பெல்ஸெத்ஸ் கொலைமுகாமுக்கு ஏற்றினார்கள். ஊருக்கு வெளியே புரோனித்ஸியா காட்டில் பல்லாயிரம் பேரைச் சுட்டுக் குழிகளில் புதைத்தார்கள்.

அவ்வாறு கொல்லப்பட்டவர்களுள் ஒருவர் புரூனோ ஷுல்ஸ். 1892-இல் அங்கேயே பிறந்து, அங்கேயே உயர்நிலைப் பள்ளியில் ஓவியமும் கைத்தொழிலும் கற்பித்து, தன் ஊரின் துணிக்கடைகளையும் தெருக்களையும் போலிஷ் மொழியில் இரண்டு சிறுகதைத் தொகுப்புகளாக எழுதி உலக இலக்கியத்தில் இடம்பெற்றவர். நாஜி அதிகாரி ஒருவர் தம் குழந்தையின் அறைச் சுவரில் தேவதைக் கதை ஓவியங்கள் தீட்டித் தருமாறு இவரைப் பணித்து, அதற்கு ஈடாகச் சில காலம் பாதுகாப்பளித்தார். 1942 நவம்பர் 19 அன்று கெஸ்டபோ என்னும் நாஜி ரகசியக் காவல் துறையின் மற்றோர் அதிகாரி அவரைத் தெருவில் வைத்துச் சுட்டுக்கொன்றார். அவர் விழுந்த இடத்தில் இன்று நடைபாதையில் ஒரு நினைவுத் தகடு பதிக்கப்பட்டிருக்கிறது. கல்லறை இல்லை. அந்தச் சுவரோவியங்கள் சுண்ணாம்புப் பூச்சுகளுக்கு அடியில் மறைந்திருந்து, 2001-ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஒரு ஜெர்மானிய ஆவணப்பட இயக்குநரால் கண்டெடுக்கப்பட்டன. சில மாதங்களிலேயே நாஜிகளால் கொல்லப்பட்ட யூதர்களுக்கான இஸ்ரேலின் யாத் வஷேம் நினைவகத்தைச் சேர்ந்தவர்கள் அவற்றுள் ஒரு பகுதியைப் பெயர்த்தெடுத்துச் சென்றார்கள். எஞ்சியவை உள்ளூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. கொண்டுபோன ஓவியங்களின் உரிமை உக்ரைனுடையது, அவை யாத் வஷேமுக்கு நீண்டகாலக் கடனாகத் தரப்பட்டவை என்று பிற்பாடு ஓர் உடன்பாடு ஏற்பட்டது. கொல்லப்பட்ட மக்களின் நினைவைக் காக்கும் உரிமை யாருக்கு என்பது எளிய வினாவன்று என்பதை அறிவேன். ஆயினும், தன் ஊரை விட்டு நீங்க மனமின்றி வாழ்ந்த ஒருவரின் கடைசி ஓவியங்கள் அந்த ஊரிலேயே முழுமையாக இருந்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

1944 ஆகஸ்டில் சோவியத் ஆட்சி மீண்டும் வந்தபோது பழைய ட்ரோஹோபிச் ஏறக்குறைய இல்லை. யூதர்கள் கொல்லப்பட்டிருந்தார்கள், போலந்தினர் அடுத்த இரண்டாண்டுகளில் மேற்கே அனுப்பப்பட்டார்கள். 1946-இல் கிரேக்கக் கத்தோலிக்கத் திருச்சபை தடை செய்யப்பட்டது. 1842 முதல் 1865 வரை கட்டப்பட்ட, அப்பகுதியின் மிகப் பெரிய யூதத் தொழுகைக்கூடம் கிடங்காகவும் அறைகலன் கடையாகவும் ஆயிற்று. மீட்டுப் புதுப்பிக்கப்பட்டு 2018-இல்தான் அது திறக்கப்பட்டது. பாரந்தூக்கிகளும் துளைமுனைகளும் செய்யும் ஆலைகள் வந்து பலருக்கு வேலை கொடுத்தன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சிறிது காலம் ட்ரோஹோபிச் தனி மாகாணத்தின் தலைநகராகவும் இருந்தது. 1959-இல் அது லிவிவ் மாகாணத்தோடு இணைக்கப்பட்டது.

இப்போது அடைமொழிக்கு வருகிறேன். சோவியத் ஆட்சி அங்கே நடந்தது 1939 முதல் 1941 வரையும், 1944 முதல் 1991 வரையும். மொத்தம் ஏறத்தாழ 49 ஆண்டுகள். ஆவணத்தில் பெயர் ஏறிய 1387-இலிருந்து கணக்கிட்டால், ஊரின் வயதில் அது பன்னிரண்டில் ஒரு பங்கு கூட இல்லை. அந்தப் பங்கை மட்டும் எடுத்து ஊரின் நெற்றியில் ஒட்டும்போது, உப்பு காய்ச்சியவர்களும் மரக்கோயிலைத் தூக்கி வந்தவர்களும் பொலோனியாவில் ரெக்டரானவரும் வாசகர் பார்வையிலிருந்து மறைந்துபோகிறார்கள். தவிரவும், அந்த நகரைத் தன் பழைய உடைமையாகக் கருதுபவர்களின் சொல்லையே, அறியாமல், நாமும் வழிமொழிந்தவர்களாகிறோம்.

பெயரைப் பற்றி. தோழரின் பாட்டி 1926-இல் அவ்வூரில் பிறந்தவர். ஒரு மாலையில் தேநீருக்குப் பின், பிஸ்கட் டப்பா ஒன்றைத் திறந்து தன் தாள்களை மேசை விரிப்பின் மீது வரிசையாக அடுக்கிக் காட்டினார். லத்தீனில் எழுதிய திருமுழுக்குச் சான்று, வெள்ளைக் கழுகு பொறித்த போலிஷ் பள்ளிச் சான்றிதழ், ஜெர்மானியர் கொடுத்த வேலை அட்டை, சோவியத் கடவுச்சீட்டு, நீல அட்டை போட்ட உக்ரைனியக் கடவுச்சீட்டு. ஐந்திலும் பிறந்த ஊர் என்ற இடத்தின் மீது அவர் விரல் நகர்ந்துகொண்டே வந்தது. சோவியத் தாளின் மீது வந்ததும் விரலை நிறுத்தி, "இதை அவர்கள் 'கோ' என்று படிப்பார்கள். நாங்கள் 'ஹோ' என்போம்" என்றார். எழுத்து ஒன்றுதான். சிரில் எழுத்து வரிசையின் நான்காம் எழுத்தான அதை ரஷ்யர் வல்லோசையாகவும் உக்ரைனியர் 'ஹ' போலவும் ஒலிக்கிறார்கள். 'துரோகோபிச்' என்று எழுதும்போது ரஷ்ய ஒலியைத் தமிழுக்குக் கொண்டுவருகிறோம். அதோடு, தமிழ் வாசகர் கண்ணுக்கு முதலில் படுவது 'துரோகம்' என்ற சொல்லின் பாதியாகிவிடுகிறது. 'ட்ரோஹோபிச்' என்று எழுதினால் இரண்டு குறையும் நீங்கும். ஹகரத்தைத் தவிர்க்கும் தமிழ் மரபைக் காக்க விரும்பினால் 'திரோவோபிச்சு' போன்ற வடிவங்களைத் தமிழறிஞர்கள் ஆராயலாம். அது வேறு விவாதம். செய்தித்தாளுக்கு உள்ளூர் ஒலிக்கு நெருங்கிய வடிவமே பொருத்தமானது.

2022-இல் நாட்டின் பெரும்பகுதிக்கு உப்பு வழங்கிவந்த கிழக்கு உக்ரைனின் சோலெதார் சுரங்கங்கள் போரால் நின்றுபோயின. கடைகளில் உப்புப் பொட்டலம் அகப்படாமல் மக்கள் தவித்தார்கள். அப்போது, கிழக்கிலிருந்து தப்பி வந்த குடும்பங்களுக்கு இடமளித்துக்கொண்டிருந்த இந்த ஊரின் பழைய உப்பாலையை நாடு திரும்பிப் பார்த்தது. நாட்டின் தேவைக்கு முன்னால் அதன் உற்பத்தி மிகச் சிறியது. தோழரிடம் தொலைபேசியில் கேட்டபோது, ஆலையின் வாசலில் ஆள்கள் பையோடு நிற்பதாகவும், தன் தாய்மாமா வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின்னும் விறகு பிளக்க உதவிக்குப் போய்வருவதாகவும் சொன்னார்.

ஆசிரியர் அவர்களே, தங்கள் செய்தியாளர்கள் நேரத்தோடு போட்டியிட்டுப் பணியாற்றுகிறார்கள் என்பதை உணர்ந்தே இதை எழுதுகிறேன். என் வேண்டுகோள் இரண்டே. இந்த ஊரின் பெயர் மீண்டும் வரும்போது 'ட்ரோஹோபிச்' என்று அச்சிடுங்கள். அடைமொழி ஒன்று தேவையென்றால், 'லிவிவ் மாகாணத்தின் பழைய உப்பு நகரமான' என்று போடுங்கள். அச்சில் அதற்கும் ஒரு வரிதான் பிடிக்கும்.

தங்கள் உண்மையுள்ள,
மருத்துவர் ஒருவர்,
திருச்செங்கோடு.